உங்களுக்குத் தெரியுமா? யார்க்‌ஷயர் டெரியரின் கழுத்தும் கூந்தலும்

‘டெரியர்’ என்னும் பெயர், மண்ணைக் குறிக்கும் ‘டெர்ரா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, வளைக்குள் புகுந்து எலி, நரி முதலியவற்றைத் துரத்தும் நாய்களுக்கு வழங்கலாயிற்று. அவ்வகையுள் மிகச் சிறியவற்றுள் ஒன்றான யார்க்‌ஷயர் டெரியர், 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரிடையே உருவானது. எடை ஏறத்தாழ 3 கிலோவே ஆயினும் துரத்தும் இயல்பு அதனிடம் குன்றவில்லை என்பதால், அதை மடியில் கொஞ்சும் பொம்மையாக மட்டும் வளர்ப்பது அதற்கு இழைக்கும் அநீதியே ஆகும்.

இவ்வினத்தைப் பேணுவோர் முதலில் கருத வேண்டியது கழுத்தையே. மூச்சுக்குழாயைத் திறந்த நிலையில் தாங்கி நிற்கும் குருத்தெலும்பு வளையங்கள் இவ்வின நாய்கள் பலவற்றில் வலுவிழந்து தட்டையாகிவிடுவதுண்டு. ‘மூச்சுக்குழாய்ச் சரிவு’ எனப்படும் இந்நிலையில் வாத்தின் கத்தலை ஒத்த வறட்டு இருமல் தோன்றுமாதலால், கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கோத்து இழுக்காமல், இழுவிசையை மார்பின்மீது பரப்பும் மார்புப்பட்டையை அணிவிப்பதே தக்கது. உள்மயிர்ப் படலமின்றி மனிதக் கூந்தலைப்போல் நீண்டு வளரும் இதன் மயிர், நாள்தோறும் வாரப்படாவிடில் சிக்குண்டு தோலைப் புண்ணாக்கும். குட்டிகளோ, நீண்ட நேரம் உணவின்றி இருந்தால் இரத்தச் சர்க்கரை குறைந்து சோர்ந்து விழக்கூடுமாகையால், அவற்றுக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை உணவளித்தல் இன்றியமையாதது.