பழைய தாளத்தின் காலத்தைக் கண்டறிதல்

தாளம் என்பது ஒன்றோடொன்று மோதியோ குச்சியால் தட்டியோ ஒலிக்கப்படும் வட்டமான உலோக இசைக்கருவி ஆகும். கைத்தாளம், ஜால்ரா, டிரம் செட்டிலும் பேண்டு வாத்தியத்திலும் உள்ள சிம்பல் ஆகியவை இதன் வகைகள். ஏற்காடு மலைக் கிராமத்துக் கோயில், அடிவாரத்துப் பஜனை மடம், பழைய பள்ளியின் பேண்டு அறை என எங்கே கிடைத்தாலும், அதன் வயதைக் கணிக்கும் முறை ஒன்றுதான். உலோகம், எழுத்து, முத்திரை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உலோகம்

நல்ல சிம்பல் ஏறத்தாழ 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தால் ஆனது. தட்டினால் ஒலி நெடுநேரம் நிற்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தட்டு மஞ்சளாக இருக்கும். ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு.

உலோகம் தரத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. வெள்ளீயம் மிகுந்த வெண்கலக் கலன்கள் ஆதிச்சநல்லூர், நீலகிரிப் புதைகுழிகளிலேயே கிடைத்துள்ளன.

எழுத்து

கோயில் தாளங்களில் கொடுத்தவர் பெயரோடு 'உபயம்' என்று வெட்டியிருப்பதுண்டு. அதில் மூன்று செய்திகளைத் தேட வேண்டும்.

1. ஆண்டின் பெயர்: தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். 'விரோதி' என்று மட்டும் இருந்தால், அது 1889, 1949, 2009 ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

2. எடை: பலம், சேர் என்று எழுதியிருந்தால், மெட்ரிக் எடை முறை பரவுவதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதற்கான சட்டம் 1956இல் வந்தது. 1960களின் தொடக்கத்தில் நாடெங்கும் கட்டாயமானது.

3. எழுத்து வடிவம்: தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் எழுதப்பட்டன. ஆனால் பழகிய கை பின்னரும் பழைய வடிவத்தையே வெட்டியிருக்கலாம். எனவே இது துணைச் சான்று மட்டுமே.

எழுத்து வெட்டிய காலம் வேறு, தாளம் வார்த்த காலம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

முத்திரை

டிரம் செட் சிம்பல்களில் தயாரிப்பாளரின் முத்திரை அழுத்தப்பட்டிருக்கும். 1623இல் கான்ஸ்டான்டினோபிளில் தொடங்கிய ஜில்ஜியன் குடும்பத்தின் தொழில் 1929இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் நிலைபெற்றது. ஆகவே அமெரிக்கத் தயாரிப்பு என்ற குறிப்புள்ள ஜில்ஜியன் தட்டு 1929க்கு முந்தையதாக இருக்க முடியாது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜில்ஜியன் கனடாவில் சேபியன் நிறுவனத்தைத் தொடங்கியது 1981இல். பெய்ஸ்ட் நிறுவனத்தின் '2002' வரிசை வெளிவந்தது 1971இல். 2002 என்பது வரிசையின் பெயரே தவிர, செய்த ஆண்டு அன்று.

இவை எல்லாம் 'இந்த ஆண்டுக்கு முன் இல்லை' என்ற எல்லையைத்தான் தருகின்றன. சரியான ஆண்டை நெருங்க, முத்திரையின் அளவையும் எழுத்தமைப்பையும் காலம் தெரிந்த வேறு தட்டுகளோடு ஒப்பிட வேண்டும்.

துலக்குவதற்கு முன்

பழைய தாளம் கையில் கிடைத்ததும் புளி போட்டுத் தேய்ப்பதே நம் வழக்கம். பளபளப்பு வரும், சான்று போய்விடும். புளியின் அமிலம் பல ஆண்டுகளாகப் படிந்த மேற்படலத்தைக் கரைக்கும். பாலிஷ் போட்டால் மையில் அச்சிட்ட பெயர் அழியும். தொடர்ந்து தேய்த்தால் ஆழமில்லாத வெட்டெழுத்தும் மழுங்கும்.

எனவே முதலில் மென்மையான உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடைக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அப்போதே படம் எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தும் படி எடுக்கலாம். விட்டம், எடை, கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து வைப்பது அவசியம்.

விரிசல் விட்ட தாளம் பெரும்பாலும் பழைய பாத்திரக் கடைக்கு எடைக்குப் போகிறது. அங்கிருந்து அது உருக்கப்பட்டால், கொடுத்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் அதோடு மறைந்துவிடும். பள்ளியிலோ கோயிலிலோ அப்படி ஒன்றைக் காணும் மாணவர்கள், அதை எடைபோடும் முன் படியாவது எடுத்து வைப்பது நல்லது.