பத்து மில்லிசெகண்ட் ஆசை
அதிவேக மானிட்டர் வாங்கத் துடிக்கும் இளைஞர்கள், பர்ஸைத் திறக்கும் முன் தங்கள் கண்களைச் சோதித்துக்கொள்வது நல்லது.

பங்காருபேட்டை ஜங்ஷனில் காலை ரயில்களில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். 2001ல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, பிழைப்பு 70 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூரில்தான் என்றாகிவிட்டது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இந்த ரயில்களில்தான் போய்வருகிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் இளைஞர்களுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடின் கம்ப்யூட்டர் கடைகள் ஒரு சபலம். தங்கம் வெட்டிய தாத்தாவின் பேரனுக்கு இன்று வேண்டியது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

ஹெர்ட்ஸ் விவகாரம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1902ல் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்குக் கொண்டுவந்த மின்சாரம் 25 ஹெர்ட்ஸ். இன்று வீடுகளுக்கு வருவது 50. 25 ஹெர்ட்ஸில் பல்பின் வெளிச்சம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு அந்தத் துடிப்பு தெரியும். பிக்சர் ட்யூப் மானிட்டர்களிலும் இதே தொல்லைதான். 60 ஹெர்ட்ஸில் திரை மினுங்கும். 75 அல்லது 85க்கு மாற்றினால் கண் ஓரளவு ஆறுதல் அடையும்.

இன்றைய எல்.சி.டி. திரைகள் அப்படி மினுங்குவதில்லை. இவற்றில் ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. அதன் பலன் தெரிவது அசைவில்தான். 60 ஹெர்ட்ஸில் அடுத்த படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். 144ல் அது 6.9 ஆகக் குறைகிறது. லாபம் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட். 240க்குப் போனால் மேலும் கிடைப்பது 2.8 மட்டுமே, 240லிருந்து 360க்குத் தாவினால் வெறும் 1.4. எண் ஏற ஏற லாபம் சுருங்குகிறது, விலை மட்டும் சுருங்குவதில்லை.

எனவே கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். நண்பர் ஒருவர் திரையை 60க்கும் 144க்கும் மாற்றி மாற்றி வைக்கட்டும். எது எது என்று அவர் சொல்லக் கூடாது. மவுஸின் அம்பை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். எழுத்து நிறைந்த ஒரு ஜன்னலை இழுத்துக்கொண்டே படித்துப் பாருங்கள். பத்து முறையில் ஒன்பது முறையாவது சரியாகச் சொன்னால் காசு வீணில்லை. 144ஐயும் 240ஐயும் இதேபோல் ஒப்பிடும்போது பலர் திணறிப்போவார்கள்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '1 மில்லிசெகண்ட்' என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குப் புள்ளி மாறும் நேரத்தை ஒரு கம்பெனி சொல்லும். கண்ணுக்குத் தெரியும் மங்கலின் அளவை இன்னொன்று சொல்லும். இரண்டும் ஒன்றல்ல. கறுப்புப் பின்னணியில் ஓடும் உருவத்தின் பின்னால் நிழல் வால் தெரிகிறதா என்று பார்ப்பதே உத்தமம். விலை குறைந்த வி.ஏ. திரைகளில் இந்த வால் அதிகம். புள்ளிகளை விரட்டும் 'ஓவர்டிரைவ்' வசதியை எல்லை மீறிக் கூட்டினால் வால் மறைந்து, அதன் இடத்தில் வெளிறிய நிழல் முளைக்கும்.

அடுத்த சங்கடம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 60 படம்தான் தயாரிக்கிறது என்றால் 144 ஹெர்ட்ஸ் திரை அதையே திரும்பத் திரும்பக் காட்டும். அப்படியானால் முதலில் பணம் போக வேண்டிய இடம் கார்டுதான். பழைய எச்.டி.எம்.ஐ. இணைப்பு வழியாக 144 வராமலும் போகலாம். டிஸ்பிளேபோர்ட் ஒயர் பாதுகாப்பானது. எல்லாம் மாட்டிய பிறகும் விண்டோஸ் செட்டிங்கில் எண்ணை மாற்ற மறந்து, மாதக்கணக்கில் 60லேயே ஆடிக்கொண்டு 'அடடா, என்ன வேகம்' என்று பூரிப்பவர்களும் உண்டு.

ஆடிச் சம்பாதிக்கலாம் என்ற கனவுக்கும் இன்று ஆதாரங்கள் இல்லாமலில்லை. 2023ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் தரப்பட்டது. 2025ல் வந்த மத்திய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டு, இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்க வழி செய்கிறது. ஆனால் பதக்க மேடைக்கு மானிட்டர் மட்டும் கூட்டிப்போகாது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் நுண்ணிய நேரம் முக்கியம்தான். கிரிக்கெட், கார் பந்தயம் என்று பொழுதுபோக்குக்கு ஆடுபவர்களுக்கு 144 தாராளம். கடன் வாங்கி 240க்குப் போவதில் அர்த்தமில்லை.

திரையில் 10 மில்லிசெகண்டை மிச்சம் பிடிக்க ஆசைப்படும் இதே இளைஞர்கள், தினமும் மூன்று மணி நேரம் போல ரயிலில் கழிக்கிறார்கள். வீடு திரும்பியதும் மீதமிருக்கும் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் சுகமாக ஓட வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மாதச் சேமிப்பைக் கொடுக்கிறோம் என்ற கணக்கை மட்டும் கடைக்காரர் போட்டுத் தரமாட்டார்.