சிக்கனம்: மனசுக்கு என்ன செலவு?



அக்டோபர் 30 சிக்கன நாள். 1924-இல் இத்தாலியின் மிலான் நகரில் சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் பிறந்த நாள் இது. உலகத்துக்கு அது அக்டோபர் 31. 1984-இல் அதே தேதியில் இந்திரா காந்தி கொல்லப்பட்டதால் நம் நாட்டில் ஒருநாள் முன்னதாக வைத்திருக்கிறோம். பேச்சுப் போட்டியில் உண்டியல், சிறுதுளி பெருவெள்ளம் எல்லாம் வந்துவிடும். ஆனால் சிக்கனமாக இருக்கிறவங்க மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் கூச்சம். போன வருஷ நோட்டுகளில் மிச்சமான வெள்ளைத் தாளை எடுத்து, அம்மா ஊசிநூலால் தைத்து ரஃப் நோட்டு செய்து தருவாங்க. ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் கட்டம். வீட்டில் கணக்குப் போடும்போது அதில் ஒரு குறையும் தெரியாது. வகுப்பில் பையிலிருந்து எடுக்கும்போதுதான் கை தயங்கும். நோட்டு அதேதான், பக்கத்தில் புது நோட்டு இருக்கு, அவ்வளவுதான். பொருள் இல்லாததைவிட ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதிகம் வலிக்கிறது. யாருமே பார்க்காவிட்டாலும் பார்க்கிற மாதிரியே இருக்கும்!

அடுத்தது, 'எனக்கு வேண்டாம்' என்ற சொல். நிஜமாகவே வேண்டாம் என்பது ஒன்று. வேணும், ஆனா வீட்ல கேட்க மனசு வரல என்பது இன்னொன்று. சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காதவர்கள் 'எனக்கு பஸ்ல வாந்தி வரும்' என்பார்கள். (அத்தனை பேருக்குமா வரும்?) அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக் கஷ்டத்தை வெளியே விடாமல் மூடி வைக்கிற பேச்சு அது.

கஞ்சத்தனம் வேறு. வரவு சிறிதானாலும் செலவின் வழி அகலாமல் இருந்தால் கேடில்லை என்கிறார் வள்ளுவர் 478-ஆம் குறளில். அவரேதான் 'நன்றியில் செல்வம்' என்று தனி அதிகாரம் வைத்து, தானும் உண்ணாமல் பிறருக்கும் கொடுக்காமல் சேர்த்து வைப்பவரைத் திட்டுகிறார். அம்மா நோட்டு வாங்க நாலு தடவை யோசிப்பாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோவுக்குக் காசு எடுக்க ஒரு தடவைகூட யோசிக்க மாட்டாங்க.

சந்தோஷமும் உண்டு. மாசக் கடைசியில் யாரிடமும் கைமாத்து கேட்காமல் தெருவில் நடப்பதில் ஒரு நிமிர்வு இருக்கு.

ஆனால் பழகிப்போன மனசுக்குக் காசு இருக்கும்போதும் செலவழிக்க வராது, ஏதோ தப்பு செய்த மாதிரி உறுத்தும். போன தீபாவளிக்கு அப்பா அம்மாவுக்கு 900 ரூபாய்க்குச் சேலை எடுத்தாங்க. அம்மா விலைச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துட்டாங்க. பொங்கலன்றுதான் கட்டினாங்க. அதுவும் பொங்கல் வைக்கும்போது புகை படும்னு பழைய சேலைக்கு மாறிக்கிட்டாங்க.

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு