கார்னர் கிக்குக்குன்னு தனியா ஒரு கோச்சா?

புது ஸ்ட்ரைக்கர் வந்தா நாலு நாள் பேசுவோம். புது அசிஸ்டன்ட் கோச் வந்தா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம், இல்லையா? ஆனா 2021-ல அர்செனல் எடுத்த நிக்கோலா ஜோவரைப் பாருங்க.

அவரோட வேலை செட் பீஸ். அதாவது கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி, நிக்கிற பந்துல ஆரம்பிக்கிற ஆட்டம். ப்ரென்ட்ஃபோர்டில் இருந்தவரை 2019-ல மான்செஸ்டர் சிட்டி கூப்பிட்டது. அப்போ அங்கே குவார்டியோலாவோட அசிஸ்டன்ட், மிக்கேல் ஆர்டெட்டா. அவர் அர்செனலுக்குத் தலைமைப் பயிற்சியாளரா போனபிறகு ஜோவரையும் கூட்டிக்கிட்டார்.

இதுல என்ன லாபம்? ஓடுற ஆட்டத்தில் யார் எங்கே இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. கார்னர்ல பந்து நிக்குது. யார் ஓடணும், கீப்பர் முன்னாடி யார் மறிக்கணும்னு முன்கூட்டியே பழகிக்கலாம். 2023-24 பிரீமியர் லீக்கில் கார்னர்லயே 16 கோல். டோட்டன்ஹாமை அவங்க மைதானத்திலேயே 3-2ன்னு ஜெயிச்சப்போ, ரெண்டு கோல் கார்னர்ல வந்தது.

அப்படியும் கோப்பை ரெண்டே புள்ளியில சிட்டிக்குப் போச்சு. கார்னர் மட்டுமே லீக் ஜெயிச்சுக் கொடுக்காது.

அடுத்த தடவை உங்க டீம் அசிஸ்டன்ட் பேரை அறிவிச்சா, எந்த வேலைக்குன்னு பாருங்க. தன்னோட ஓட்டை எங்கேன்னு க்ளப்பே சொல்ற இடம் அதுதான்.