இதயத்திற்கும் உணவு வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன், போடிமெட்டுச் சரிவிலுள்ள ஏலத்தோட்டமொன்றில் வேலை பார்த்துவந்த நம் பங்கைச் சேர்ந்த ஒருவருக்கு மாலை நேரத்தில் நடுமார்பில் இறுக்கம் கண்டது. உடல் வியர்த்தது, இடக்கை கனத்தது. வாயுப்பிடிப்பு என்றெண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். இரவெல்லாம் பொறுத்திருந்து, விடிந்தபின் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். நோயில்பூசுதல் வழங்க நாம் சென்றடையுமுன் அவர் உயிர் பிரிந்துவிட்டது. "நேற்றுவரை மூட்டை சுமந்தவர் சாமி, எப்படிப் போனார்?" என்று அவர் மனைவி கேட்டார். அன்று ஆறுதல் சொன்னோம், விளக்கம் சொல்லவில்லை. அதை இன்று எழுதுகிறோம்.

இதயம் அவரவர் மூடிய கையளவினது. எடை ஏறத்தாழ 300 கிராம். நான்கு அறைகள் கொண்டது. உடலைச் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தை வலப்புற அறைகள் ஏற்று, நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அங்கே உயிர்வளி பெற்ற இரத்தத்தை இடப்புற அறைகள் ஏற்று, உடலெங்கும் செலுத்துகின்றன. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்புகள். இளைப்பாறும் நேரத்திலும் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம். நம் உடலிலுள்ள மொத்த இரத்தமே அவ்வளவுதான். ஆகவே அதே இரத்தம் மீண்டும் மீண்டும் சுற்றி வந்தாக வேண்டும் என்பதை இத்தகைய கணக்கைக் கொண்டே ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டு நிலைநாட்டினார்.

கொட்டகுடி ஆற்றுநீர் வாய்க்காலாகப் பிரிந்து, மடை வழியே வயலுக்குள் பாய்வதை நாம் காண்கிறோம். அவ்வாறே தமனிகள் கிளைத்துக் கிளைத்து, மயிரினும் மெல்லிய நுண்குழாய்களாகி, ஒவ்வொரு தசைக்கும் உணவூட்டுகின்றன. வயலுக்குப் பாய்ந்த நீர் ஆற்றுக்கு ஏறி வருவதில்லை. இரத்தமோ சிரைகள் வழியே மேலேறித் திரும்புகிறது. காலிலிருந்து ஏறும் இரத்தம் கீழே இறங்காதபடி சிரைகளில் தடுக்கிதழ்கள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதனை மேலே தள்ளுகிறது. அசையாது நெடுநேரம் நிற்போருக்குக் கால் வீங்குவது இதனாலேயே.

இனி அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருவோம். அறைகள் நிறைய இரத்தம் இருந்தும், இதயத் தசை அதிலிருந்து நேராக உணவு கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியில் பிரியும் இரு சிறு தமனிகளே அதனைப் போஷிக்கின்றன. அதுவும் பெரும்பாலும் ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடைப்பட்ட ஓய்வு நேரத்தில்தான். புகைத்தல், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மிகுகொழுப்பு ஆகியவற்றால் அச்சிறு குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. மேடேறும்போது இதயம் வேகமாகத் துடிக்கும், அதற்குத் தேவையான உணவு கூடும், ஓய்வோ குறையும். ஏறினால் வலித்து, நின்றால் மறையும் நெஞ்சுவலி இதன் எச்சரிக்கை. படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்தால் வழியே அடைபடும். அரைமணி நேரத்திற்குள் தசை மடியத் தொடங்கும். மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை. நேற்றுவரை சுமை தூக்கியவர் இப்படித்தான் போனார்.

ஆதலால் அன்பர்களே, மார்பில் இறுக்கமும் வியர்வையும் கண்டால் வாயு என்று நாமே தீர்ப்பெழுத வேண்டாம். பெண்களுக்கும் நீரிழிவுள்ளோருக்கும் வலியே இன்றி மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் தோன்றலாம். நோயாளியை ஜீப் நிற்குமிடம்வரை நடத்தாதீர்கள். நாற்காலியில் வைத்துத் தூக்கி வாருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகிய முதலுதவி மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. அங்குள்ளோர் சொற்படி அவற்றை உட்கொண்டு, தாமதியாது பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உங்கள் தோட்டத்திற்கு அருகிலுள்ள நிலையம் எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

மெட்டிலிருந்து போடிக்கு இறங்கப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றைக் குறைக்க நம்மால் இயலாது. புறப்படும் நேரத்தை முன்னதாக்க நம்மால் இயலும். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.