பிள்ளையைக் கூப்பிட்டால் பாட்டு வந்தது!

இத்தாலியில் கோடை முடிகிற ஆகஸ்ட் மாதம் பல வீடுகளில் ஏகக் கும்மாளம். பாட்டி முதல் பேரன் வரை கூடி உட்கார்ந்து, கூடை கூடையாகத் தக்காளியை வேகவைத்துப் பிழிந்து, வருஷத்துக்கான சாஸை பாட்டில்களில் அடைப்பார்கள். 'அடேயப்பா!' என்று வாயைப் பிளக்காதீர்கள். நம்மூர் அப்பளத்துக்கு ஒரு பாட்டே இருக்கிறது. அதுவும் திருவண்ணாமலையில் பிறந்த பாட்டு!

1896-ல் பதினாறு வயதில் மதுரையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்த வேங்கடராமன், ரமணராகி மலைமேல் குகையில் இருந்த காலம். தாயார் அழகம்மாள் பிள்ளையோடு வந்து தங்கி, சமையலையும் ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் அப்பளம் இட உட்கார்ந்தவர், பிள்ளையையும் ஒத்தாசைக்குக் கூப்பிட்டார். பிள்ளையோ பாட்டு கட்டிக் கொடுத்துவிட்டார்! உளுந்துதான் 'நான்' என்கிற அகந்தையாம். அதை உடைக்கிற திரிகை, 'நான் யார்' என்கிற விசாரணையாம். பிரண்டைச் சாறு சத்சங்கமாம். வேதாந்தம் ஒருபுறம் இருக்கட்டும். சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம், கடைசியில் பொரிக்கிற நெய் வரை ஒன்று விடவில்லை, பாருங்கள்! அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காத பிள்ளைக்கு இது வருமா?

ஆனாலும் நான் அம்மா கட்சி. அன்றைக்கு வேலை அவர் தலையில்தானே விழுந்திருக்கும்! (பின்னாளில் ஆசிரமம் வளர்ந்தபோது, அதே பிள்ளை விடியுமுன்பே சமையற்கட்டில் காய் நறுக்க உட்கார்ந்தார். கணக்கு நேராகிவிட்டது.)

அப்பளம் ஒற்றை ஆள் காரியமே இல்லை. உளுத்தம் மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடிக்க ஒரு முரட்டுக் கை வேண்டும். நீளமாக உருட்டி, நூலால் வட்டு வட்டாக அறுக்க ஒருத்தர். மாவு காய்வதற்குள் இட்டு முடிக்க நாலு பேர். நிழலில் விரித்த பழைய வேட்டியில் கொண்டுபோய்ப் பரப்ப வாண்டுகள். வெயிலில் போட்டால் சுருண்டுகொள்ளும். பரப்புகிற சாக்கில் பச்சை மாவு எத்தனை வட்டு வாய்க்குள் போகும் என்பது பாட்டிக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டாள்.

இந்த ஒத்தாசையையே தொழிலாக்கியவர்கள் உண்டு. 1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் ஆரம்பித்ததுதான் 'லிஜ்ஜத்' அப்பளம். இன்று கடைக்குக் கடை பாக்கெட். வாங்கிப் பொரிப்பதில் குற்றமில்லை. ஆனால் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து, கை ஓயாமல் ஊர்க்கதை பேசின அந்த மத்தியானத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இந்தக் கோடை லீவில் கால் கிலோ மாவில் முயன்று பாருங்களேன். பிரண்டை நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். உலக்கையை வீட்டு ஆம்பளைகளிடம் கொடுங்கள். 'எனக்குப் பாட்டு வருகிறது' என்று எவராவது நைசாக எழுந்தால் மட்டும் விட்டுவிடாதீர்கள்!