முகம் கழுவும் விஷயம்

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு எல்லா விஷயமும் தெரியும் என்று உலகில் ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. அந்த நம்பிக்கையினால் ஒரு மாணவனுக்கு நாம் இழைத்த தீங்கை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

பத்தாம் வகுப்பில் படித்த அந்தப் பையன் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். வகுப்புப் படம் எடுத்த தினத்தில் அவனைக் காணவில்லை. காரணம் முகப்பரு. "நன்றாகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவு, அப்பா!" என்று உபதேசித்தோம். உபாத்தியாயர் வாக்கு அல்லவா? தினம் எட்டுத் தடவை கழுவினான். ஒரு மாதத்தில் முகம் சிவந்து தோலுரிந்தது, பருவும் அதிகமாயிற்று.

அவனைச் சரும வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோதுதான் நம் கண் திறந்தது. பரு, அழுக்கினால் வருவதன்று. பருவ வயதில் ஊறும் ஹார்மோன்கள் சருமத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மயிர்க்கால்களின் வாய் அடைபட்டு, உள்ளே தேங்கிய எண்ணெயில் கிருமிகள் பெருகி, வீக்கம் உண்டாகிறது. முரட்டுத்தனமாகத் தேய்ப்பதால் இந்த அடைப்பு நீங்காது, சருமந்தான் புண்ணாகும்.

சருமத்தின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத் தன்மை வாய்ந்தது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்போ 9, 10 என்ற அளவில் காரமானது. ஆகையால், பி.எச். 5.5-ஐ ஒட்டியதும் வாசனைத் திரவியம் சேராததுமான மென்மையான முகக் கழுவியே உத்தமம். சாலிசிலிக் அமிலம் 0.5 முதல் 2 சதவிகிதம் வரை சேர்ந்தது, எண்ணெயில் கரைந்து அடைப்பைத் தளர்த்தும். பென்ஸாயில் பெராக்ஸைடு சேர்ந்தது கிருமிகளைக் கொல்லும். ஆனால் துண்டின் சாயத்தையும் வெளுத்துவிடும்! இரண்டையும் ஒரே சமயத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

காலையும் இரவும், மிகுதியாக வியர்த்தபோது மற்றுமொரு முறையும் கழுவினால் போதும். வெதுவெதுப்பான நீரில், விரல் நுனிகளால் கழுவி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். தலையில் தடவும் எண்ணெய் நெற்றியில் வழியாதபடி பார்த்துக்கொள்வது நலம்.

சிநேகிதர் சொன்னார் என்று கடையில் ஸ்டிராய்டு களிம்பை வாங்கிப் பூசுவது பெருந்தவறு. அதனாலேயே பரு கிளம்புவதும் சருமம் மெலிவதும் உண்டு. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அதற்குப் பிறகும் குறையாவிட்டாலும், பெரிய கட்டிகளோ வடுக்களோ தோன்றினாலும், வைத்தியரை நாடுவதே முறை. முகம் கழுவுவது மருந்துக்குத் துணையே அன்றி, மருந்துக்கு ஈடாகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "வயசுக் கோளாறு" என்று வீட்டில் கேலி செய்யாதீர்கள். குழந்தைகள் நம் எதிரில் சிரித்துவிட்டு, தனியே கண்ணாடி முன் நின்று கலங்குகிறார்கள்.

அந்தப் பையனின் முகத்தில் இன்னும் இரண்டொரு வடுக்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்த வருஷத்து வகுப்புப் படத்தில் அவன் முன்வரிசையில் நிற்கிறான்; கை கன்னத்தில் இல்லை.